வருமுன் அறியும் இதய மருத்துவம்: பிரேமிங்ஹாம் கற்பித்த பாடம்

இதய நோயைப் பற்றிக் கற்கப் புகும் மருத்துவ மாணவரும் தாதியர் பயிற்சி மாணவரும் முதன்முதலில் கையாளும் கருவிகளுள் ஒன்று, புயத்தில் சுற்றிக் காற்றடைக்கும் துணிப்பட்டை. பார்ப்பதற்கு எளிய கருவி. பயன்படுத்துவதும் எளிதென்றே தோன்றும். ஆயினும், இதய நோய் வெளிப்படுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே அதன் வருகையை அறிவிக்கும் ஆற்றல் இக்கருவிக்கு உண்டு. அவ்வாற்றலை மருத்துவ உலகம் எவ்வாறு கண்டுகொண்டது? மாணவர் அதனை எவ்வாறு கையாள வேண்டும்? இந்திய வழியினர் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டியது ஏன்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பது மருத்துவம் பயில்வோர்க்கு மட்டுமன்றி, அவர்களை உருவாக்கி அனுப்பும் ஆசிரியர்க்கும் பயன் தருவதாகும்.

அழுத்தம் என்பது யாது?

இதயம் மூடிய கைப்பிடியளவே உள்ள ஒரு தசைப் பை. நிமிடத்திற்கு எழுபது முறை துடிப்பதாகக் கொண்டாலும், ஒரு நாளில் அது 1,00,000 முறைக்குமேல் சுருங்கி விரிகின்றது. சுருங்கும்போது இரத்தத்தைக் குழாய்களுக்குள் வேகமாகத் தள்ளுகின்றது. அப்பொழுது குழாய்ச் சுவரின்மேல் உண்டாகும் அழுத்தமே மேல் அழுத்தம். விரிந்து இளைப்பாறும்போது குழாய்களில் எஞ்சி நிற்பது கீழ் அழுத்தம். 120/80 என்று எழுதினால், முன்னது சுருங்கும் பொழுதையும் பின்னது விரியும் பொழுதையும் குறிக்கும். பாதரசக் கம்பம் எத்தனை மில்லிமீட்டர் உயரம் எழும்புகின்றது என்பதே இதன் அளவை.

இவ்வழுத்தத்தை முதன்முதல் அளந்து காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். ஒரு குதிரையின் இரத்தக் குழாயில் கண்ணாடிக் குழலைப் பொருத்தி, இரத்தம் எட்டடிக்குமேல் எழும்பியதைக் கண்டார். அவருடைய நூல் 1733ஆம் ஆண்டில் வெளிவந்தது. மனிதரிடம் இம்முறையைக் கையாள்வது இயலாத காரியமாதலால், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இக்கண்டுபிடிப்பு மருத்துவர்க்குப் பெரிதும் பயன்படவில்லை. 1896இல் இத்தாலி நாட்டு ரிவா ரோச்சி என்பவர் புயத்தில் சுற்றும் காற்றுப்பட்டையை அமைத்தார். 1905இல் ருசிய நாட்டு அறுவை மருத்துவர் நிக்கொலாய் கொரொட்காவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால் அழுத்தத்தின் இரு எல்லைகளையும் ஓசையாலேயே அறியலாம் என்று எடுத்துக் காட்டினார்.

அம்முறையின் இயக்கம் எளிது. பட்டையின் அழுத்தம் இரத்தத்தின் மேல் அழுத்தத்தை மிஞ்சும்போது குழாய் முற்றிலும் நசுங்கிவிடும்; இரத்தம் ஓடாது; ஓசையும் எழாது. காற்றை மெல்ல வெளியேற்ற, ஒவ்வொரு துடிப்பின்போதும் சிறிது இரத்தம் பீறிட்டுப் பாயும். அப்பொழுது தட்டுவதுபோன்ற ஓசை கேட்கும். முதல் ஓசை கேட்கும் இடம் மேல் அழுத்தம். குழாய் முழுவதும் திறந்து இரத்தம் தடையின்றி ஓடத் தொடங்கியதும் ஓசை மறைந்துவிடும். அது மறையும் இடம் கீழ் அழுத்தம்.

அளந்தும் அறியாத காலம்

அழுத்தத்தை அளக்கக் கற்றுக்கொண்டபின்னும், அதன் பொருளை அறிய மருத்துவ உலகம் பல்லாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. வயது ஏற ஏறக் குழாய்கள் இறுகுகின்றன. இறுகிய குழாய்களின் வழியே இரத்தத்தைச் செலுத்த மிகுந்த அழுத்தம் இன்றியமையாதது. ஆகவே அது உடல் தனக்குத்தானே செய்துகொள்ளும் உதவி என்று பலர் எண்ணினர். ஒருவருடைய வயதுடன் நூற்றைக் கூட்டினால் வருவதே அவருக்குரிய மேல் அழுத்தம் என்ற கணக்கும் வழங்கி வந்தது. இக்கணக்கின்படி எழுபது வயதினருக்கு 170 என்பது குறையன்று!

இவ்வெண்ணத்தின் விளைவு எத்தகையது என்பதற்கு அமெரிக்கத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் வாழ்வே சான்று. 1941இல் அவருடைய அழுத்தம் 188/105 எனக் குறிக்கப்பட்டது. 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயன் என்னும் இதய மருத்துவர் அவரைச் சோதித்தபோது அது 186/108 ஆக இருந்தது. இதயம் பருத்துத் தளர்ந்திருந்ததையும் அவர் கண்டார். ஓய்வு, உப்புக் குறைந்த உணவு, இதயத்திற்கு வலுவூட்டும் மருந்து ஆகியவற்றுக்குமேல் அளிப்பதற்கு அக்கால மருத்துவத்தில் அதிகம் இல்லை. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து அவர் காலமானார். அன்று அவருடைய அழுத்தம் 300/190. உலகின் மிக வலிமை வாய்ந்த நாட்டின் தலைவருக்கு, அருகிலேயே மருத்துவர் இருந்தும், எண்கள் எழுதப்பட்டிருந்தும், அவற்றை எச்சரிக்கையாக வாசிக்கும் அறிவு அன்று வளர்ந்திருக்கவில்லை.

ஒரு சிற்றூரும் 5,209 மக்களும்

அக்காலத்தில் அமெரிக்காவில் மக்களை மிகுதியாக மாய்த்தது இதய நோயே. 1948 ஜூன் மாதத்தில் ரூஸ்வெல்ட்டை அடுத்துத் தலைவரான ட்ரூமன், தேசிய இதயச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதே ஆண்டில் பாஸ்டன் நகருக்கு மேற்கே ஏறக்குறைய இருபது மைல் தொலைவிலுள்ள பிரேமிங்ஹாம் என்னும் ஊரில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. முன்னரே 1917 முதல் 1923 வரை காச நோய் ஆராய்ச்சி ஒன்றுக்கு ஒத்துழைத்துப் பழகிய ஊர் அது. முப்பது முதல் அறுபத்திரண்டு வயதுக்குட்பட்ட 5,209 பேர் அதில் சேர்ந்தனர். அவர்களுள் ஆண்கள் 2,336, பெண்கள் 2,873. இதய நோய் ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்ட காலத்தில் பெண்களைப் பாதிக்குமேல் சேர்த்தது இவ்வாராய்ச்சியின் தனிச் சிறப்பாகும்.

இதன் முறை புதுமையானது. அதுவரை, நோய் வந்தவரைப் படுக்கையில் கண்டு, வந்த காரணத்தை வினவுவதே வழக்கம். இங்கோ, நோய் வெளிப்படாதவரைத் தேர்ந்து, ஈராண்டுக்கு ஒருமுறை அழைத்து, அழுத்தம், இரத்தத்திலுள்ள கொலஸ்டிரால், எடை, புகைப்பழக்கம், இதய மின்பதிவு முதலியவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு, எவருக்கு நோய் வருகின்றது என்று காத்திருந்தனர். தோட்டத்தில் பால் வற்றிய ரப்பர் மரத்தை மட்டும் வெட்டிப் பார்ப்பவன் வற்றலைத்தான் காண்பான். நல்ல மரங்கள் அனைத்திற்கும் எண்ணிட்டு, ஆண்டுதோறும் ஏடெழுதி வருபவனே வற்றலுக்கு முன் நிகழ்ந்தது யாது என்பதைச் சொல்ல வல்லவன். பிரேமிங்ஹாம் ஆராய்ச்சி இவ்விரண்டாம் வழியைப் பின்பற்றியது. தாமஸ் டாபர் என்பவர் 1966 வரை அதனை நடத்திச் சென்றார். வில்லியம் கன்னல் அவரைத் தொடர்ந்தார்.

பொறுமைக்குப் பலன் கிட்டியது. சிகரெட் புகைத்தல் இதய நோயை மிகுவிக்கும் என்பது 1960இல் வெளியாயிற்று. உயர்ந்த அழுத்தமும் மிகுந்த கொலஸ்டிராலும் அவ்வாறே செய்யும் என்பது 1961இல் கன்னலும் அவருடைய துணைவரும் எழுதிய கட்டுரையில் தெளிவாயிற்று. இன்று பத்திரிகை வாசகர் யாவரும் அறிந்த ‘ஆபத்துக் காரணி’ என்னும் கருத்து மருத்துவத்தில் ஊன்றியது அக்கட்டுரையால்தான். உடலுழைப்பு நன்மை செய்யும், உடற்பருமன் தீமை செய்யும் என்பது 1967இலும், உயர் அழுத்தம் பக்கவாதத்தை மிகுவிக்கும் என்பது 1970இலும் வெளிவந்தன.

வயதுடன் நூற்றைக் கூட்டும் கணக்கு இவ்வாறு சரிந்தது. வயது எதுவாயினும் உயர் அழுத்தம் தீமையே என்றும், கீழ் அழுத்தத்தைப் போலவே மேல் அழுத்தமும் பெரிதும் கருதத்தக்கது என்றும் நிலைநாட்டப்பட்டது. அழுத்தத்தைக் குறைத்தால் பயன் உண்டா என்ற ஐயத்தை வேறோர் ஆராய்ச்சி தீர்த்தது. 1967இல் எட்வர்ட் பிரீஸ் என்பவரின் தலைமையில், கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களுள் ஒரு பகுதியினருக்கு மருந்தும் மற்றவருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தனர். மருந்துண்டவரைப் பக்கவாதம் முதலிய கொடிய விளைவுகள் அரிதாகவே தாக்கின; மற்றவரையோ பன்மடங்கு தாக்கின.

பிரேமிங்ஹாம் வெளிப்படுத்திய மற்றோர் உண்மை மாணவரை எண்ண வைப்பதாகும். மாரடைப்புகளுள் நான்கில் ஒன்றுக்குமேல், அவை நிகழ்ந்த காலத்தில் அறியப்படாமலே போயின. பின்னர் எடுத்த மின்பதிவே அவற்றைக் காட்டிக்கொடுத்தது. வலி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர், வராத வலிக்காகக் காத்திருப்பவராகவும் ஆகக்கூடும்.

மாணவர் கற்கும் ஒழுங்கு

இத்தனை பெரிய ஆராய்ச்சியும் இறுதியில் ஒரு மருத்துவர் ஒரு மனிதரின் புயத்தில் பட்டையைச் சுற்றி, கேட்டதைக் கேட்டவாறே எழுதிய நேர்மையின்மேல் நிற்கின்றது. ஆகவேதான் இதயப் பரிசோதனை பயிலும் மாணவருக்கு ஒழுங்கு முதலில் கற்பிக்கப்படுகின்றது. வினவுதல், பார்த்தல், தொட்டறிதல், கேட்டல் என்பனவே அவ்வொழுங்கு.

வினவும்போது மார்பு வலி, மூச்சிரைப்பு, படபடப்பு, கால் வீக்கம், மயக்கம் ஆகியவற்றைக் கேட்டறிதல் வேண்டும். தந்தையோ உடன்பிறந்த ஆணோ 55 வயதுக்கு முன்னும், தாயோ உடன்பிறந்த பெண்ணோ 65 வயதுக்கு முன்னும் இதய நோய்க்கு ஆளானதுண்டா என்பதும் கேட்கத்தக்கது. பார்க்கும்போது உதட்டின் நிறம், கழுத்து இரத்தக் குழாயின் புடைப்பு, கணுக்கால் வீக்கம் ஆகியன கண்ணில் படவேண்டும். தொட்டறியும்போது நாடியின் வேகத்தை மட்டும் எண்ணினால் போதாது. அது ஒழுங்காக நடக்கின்றதா, இரு கைகளிலும் ஒத்திருக்கின்றதா, பாதத்திலும் கிடைக்கின்றதா என்பனவும் அறியப்பட வேண்டும்.

கேட்பதற்கு உதவும் ஸ்டெதாஸ்கோப்பு 1816இல் பாரிஸ் நகர மருத்துவர் லெனெக் என்பவரால் தோன்றியது. ஒரு பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, தாளைக் குழலாகச் சுருட்டி அவர் கேட்டார். ஓசை முன்னிலும் தெளிவாகக் கேட்டது. இதயத்தின் முதல் ஓசை மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள கதவுகள் மூடும் ஓசை. இரண்டாம் ஓசை இதயத்தினின்று வெளியேறும் பெருங்குழாய்களின் கதவுகள் மூடும் ஓசை. கதவு சரிவர மூடாமலோ திறவாமலோ இருப்பின், இவ்விரண்டு ஓசைகளுக்கிடையே காற்று இரைவதுபோன்ற மூன்றாவதோர் ஒலி எழக்கூடும்.

அழுத்தத்தை அளக்கும்போது மாணவர் கடைப்பிடிக்கும் விதிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த விதி, கூட்டம் மிகுந்த நாளில் முதலில் கைவிடப்படும். ஆகவே காரணத்துடன் அவற்றை அறிவது நன்று.

வந்தவரை ஐந்து நிமிடம் அமைதியாக அமரவைத்த பின்னரே அளக்க வேண்டும். நடந்து வந்த களைப்பு எண்ணை உயர்த்தும். முந்திய அரைமணி நேரத்தில் காப்பியோ சிகரெட்டோ கூடாது; சிறுநீரை அடக்கிக்கொண்டிருத்தலும் கூடாது. முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். பாதம் தரையில் பதிய வேண்டும். கால்மேல் கால் போடக்கூடாது. புயம் இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட வேண்டும்; தொங்கவிட்டால் அழுத்தம் மிகுந்து காட்டும். பட்டை சட்டைக் கையின்மேல் அன்றி, வெறும் புயத்தின்மேல் சுற்றப்பட வேண்டும். பருத்த புயத்திற்குச் சிறிய பட்டையைச் சுற்றினால், இல்லாத நோயை உண்டென்று கூறும். அளக்கும்போது இருவரும் பேசுதல் கூடாது.

ஓசையைக் கேட்பதற்கு முன்னர், மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடைக்க வேண்டும். நாடி மறையும் எண்ணுக்கு மேல் இன்னும் முப்பது மில்லிமீட்டர் ஏற்றி, பின்னர் நொடிக்கு இரண்டு மில்லிமீட்டர் வீதம் இறக்க வேண்டும். சிலரிடம் ஓசை தொடங்கி, இடையில் மறைந்து, மறுபடியும் கேட்கும். நாடியைத் தொடாதவர் அவ்விடைவெளிக்குக் கீழிருந்து தொடங்கினால், 190 உள்ளவரை 150 என்று எழுதிவிட நேரும். முதல்முறை இரு புயங்களிலும் அளந்து, உயர்ந்துள்ள புயத்தைப் பின்னர்க் கையாளுவர். ஒரு நிமிடம் கழித்து மீண்டும் அளப்பர். ஒருமுறை கண்ட எண்ணைக்கொண்டு ஒருவரை நோயாளி என முடிவு செய்வது பெரும்பாலும் முறையன்று.

எல்லா எண்ணையும் 0இல் முடிப்பது மற்றொரு தீய பழக்கம். 138 என்று கேட்டதை 140 என்று எழுதினால் ஒருவர் நோயாளியாகிறார்; 142 என்று கேட்டதை 140 ஆக்கிக்கொண்டே போனால், அழுத்தம் ஏறி வருவதைக் காட்டும் படிகள் அழிந்துபோகின்றன. கேட்டதை எழுதுதல் என்பது இங்கே கணக்கொழுக்கம் மட்டுமன்று. மருத்துவ ஒழுக்கமும் ஆகும். இன்று பாதரசக் கருவிகள் பல இடங்களில் விலக்கப்பட்டு மின்கருவிகள் வந்துவிட்டன. கருவி மாறினும், ஓய்வு, இருக்கை, புயம், பட்டை ஆகியவற்றின் விதிகள் மாறவில்லை.

இந்திய வழியினரும் இதய நோயும்

பிரேமிங்ஹாம் மக்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். அவர்களிடம் கண்டது பிறருக்கு எவ்வளவு பொருந்தும் என்ற வினா எழுவது இயல்பே. அவ்வூரிலேயே 1994இல் பல இன மக்களைக்கொண்ட தனிப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. ஆனால் சிங்கப்பூரில் இவ்வினாவின் ஒரு பகுதிக்கு அதற்கு நெடுநாள் முன்னரே விடை கிட்டியிருந்தது. 1959இல் மருத்துவர் டி. ஜே. தனராஜும் துணைவர்களும், சிங்கப்பூரில் செய்யப்பட்ட பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, இதயக் குழாய் நோய் இனத்துக்கு இனம் வேறுபடுவதையும், சீனரைவிட இந்தியரிடம் அது மிகுந்திருப்பதையும் அமெரிக்க இதய மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டனர். இத்தனராஜ் அவர்களே பின்னர்க் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராய் விளங்கியவர்.

2004இல் வெளிவந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆராய்ச்சி 52 நாடுகளில் நடைபெற்றது. புகைத்தல், கெட்ட கொழுப்பு, உயர் அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனத்துயர், காய்கனிக் குறைவு, உடலுழைப்பின்மை முதலிய ஒன்பது காரணிகளே உலகெங்கும் மாரடைப்பின் பெரும்பகுதிக்கு அடிப்படை என்று அது கண்டது. அவ்வாராய்ச்சியில் சேர்ந்தவருள் தென்னாசிய மக்களை முதல் மாரடைப்பு தாக்கிய இடைநிலை வயது 53. பிற நாட்டினரைத் தாக்கியது ஏறத்தாழ 59. ஆறாண்டு வேறுபாடு சிறிதன்று. பிள்ளைகளின் படிப்பு முடியாத வயதில் குடும்பத் தலைவரை இழப்பதும், முடிந்தபின் இழப்பதும் ஒன்றல்லவே! ஆயினும், இக்காரணிகள் இளவயதிலேயே தென்னாசியரிடம் மிகுந்திருந்ததே அவ்வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம் என்றும் கண்டனர். விதியென்று விட்டுவிட வேண்டுவதில்லை. காரணியைக் குறைத்தால் காலத்தைத் தள்ளிப் போடலாம் என்பதே இதன் பொருள்.

இக்காரணம் பற்றியே ஆசிய மக்களுக்கு அளவுகோல்கள் சற்று இறுக்கப்பட்டுள்ளன. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருத்தல் நலம். கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பவரை ‘ஒல்லியானவர்’ என்று விட்டுவிடுதல் ஆகாது. சிங்கப்பூர் மருத்துவர் பிரேமிங்ஹாம் கணக்கை அப்படியே கொள்ளாமல், சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோர்க்கு ஏற்பத் திருத்திக் கையாள்கின்றனர்.

இக்கணக்கின் பொருளையும் அறிதல் வேண்டும். ஒருவருக்குப் பத்தாண்டு ஆபத்து 20 விழுக்காடு என்றால், அவரைப் போன்ற நூறு பேருள் இருபது பேருக்கு அக்காலத்துள் இதய நோயோ பக்கவாதமோ வரக்கூடும் என்பதே பொருள். அந்த இருபதின்மருள் அவர் ஒருவரா என்பதைக் கணக்குச் சொல்லாது. வயது, அழுத்தம், கொழுப்பு, நீரிழிவு, புகை ஆகிய யாவும் சேர்த்தே கணக்கிடப்படுகின்றன. ஒன்று மட்டும் மிகுந்தவரைவிட, மூன்று சற்றே மிகுந்தவர் பெரிய ஆபத்தில் இருத்தலும் கூடும்.

தடுக்கும் வழி

மலேசியாவில் 2023ஆம் ஆண்டுத் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோருள் 29.2 விழுக்காட்டினர்க்கு உயர் இரத்த அழுத்தமும் 15.6 விழுக்காட்டினர்க்கு நீரிழிவும் இருந்தன. அவருள் தம் நிலையை அறியாதவரும் பலர். அறியாமைக்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. நோய் ஓசையின்றி வளர்வதே முதற் காரணம். ஆகவே முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழுத்தம் பார்த்துக்கொள்வது அறிவுடைமை. 140/90 அல்லது அதற்குமேல் திரும்பத் திரும்பக் காணப்பட்டால் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

உணவில் உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவே. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப், பெலாச்சான், பொட்டலத்து மீ ஆகியவற்றில் மறைந்துவரும் உப்பையும் இதனுள் சேர்த்தே எண்ண வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் விரைந்து நடத்தல் உடலுக்குப் போதிய உழைப்பாகும். புகைப்பதை நிறுத்தினால் ஓராண்டுக்குள் இதய நோயின் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறையும். நீரிழிவும் கொழுப்பும் மருத்துவர் கூறும் எல்லைக்குள் நிற்க வேண்டும்.

அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர், எண் சீரானதும் நோய் தீர்ந்ததென்று எண்ணித் தாமே நிறுத்திவிடுதல் மிகப் பெரிய தவறாகும். எண் சீரானது மாத்திரையால். மாத்திரை நின்றால் பெரும்பாலும் எண் மீண்டும் ஏறும். மார்பின் நடுவே இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால், வாயுவென்று கசாயம் காய்ச்சிக் காலம் போக்காது உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அடைபட்ட குழாயால் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் மடிந்துகொண்டிருக்கும் நேரம் அது.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கேட்பதன்று. ஐந்து நிமிட ஓய்வு, அளவான பட்டை, உண்மையாக எழுதிய எண், அவ்வெண்ணைப் பொருட்படுத்தும் மனம் ஆகிய நான்குமே வேண்டுவன. பள்ளியில் அறிவியல் பாடத்தில் இதயத்தின் நான்கறைகளை வரையக் கற்கும் மாணவருக்கு, 120/80 என்பதன் பொருளையும் ஆசிரியர் சேர்த்து உணர்த்துவாராயின், அன்று மாலையே அது வீட்டில் ஒரு பேச்சாகும். அப்பேச்சைக் கேட்டுத் தந்தையோ தாயோ கிளினிக்குக்குச் சென்று புயத்தை நீட்டினால், அப்பாடம் பயன் தந்ததாகும்.